பெயரை மூடி வாசிப்பவன்

கணினித் திரையில் பெருவிரலை வைத்து, நிரல்துண்டின் பெயரை மறைத்துக்கொண்டுதான் உதயரூபன் வாசிக்கத் தொடங்குவான். உள்ளே இருக்கும் வரிகளை மட்டும் பார்த்து, அது என்ன வேலை செய்கிறது என்று தாளில் எழுதுவான். அதன் பிறகே விரலை எடுப்பான். "பேர நம்பி எழுதினா பிழைச்சிப் போகும் மச்சான். பேரு ஒண்டு சொல்லும், உள்ளுக்க வேற வேல நடக்கும்." அவன் திரையில் எப்போதும் விரல் அழுக்கு இருக்கும்.

செங்கலடிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன். கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் குறிப்புக் கட்டோடு வந்தால் எழுந்து போய்ப் பிரதியெடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட வரிக்கே திரும்புவான். நாம் சேமிக்கும் கோப்பு உடனே வன்தட்டுக்குப் போவதில்லை. கொஞ்ச நேரம் நினைவகத்தில் தங்கிவிட்டுத்தான் போகும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் அதைக் கவனிக்கும் நிரல்துண்டுகளுக்கு இவன் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதுகிறான். சம்பளம் கிடையாது. எங்கெங்கோ இருக்கும் நிரலாளர்கள் அதை வாசித்து வேலை செய்கிறார்கள்.

எனக்கு இவனைக் கண்டால் வயிறு எரியும். கணினி விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவன் நான். மட்டக்களப்பில் அதையே படிப்பிக்கிறவன். நான் அனுப்பிய இரண்டு விளக்கங்களும் திரும்பி வந்தன. உயர்தரப் பரீட்சையில் கோட்டைவிட்ட இவன் அனுப்பிய பதினேழும் ஏறின, ஒவ்வொன்றின் அடியிலும் இவன் பெயரோடு. ஜெர்மனியிலிருந்து ஒருவர் நன்றி சொல்லி எழுதியதைக் காட்டினான். பல்லைக் காட்டிவிட்டு பஸ் ஏறினேன். அன்று சோறு இறங்கவில்லை.

பதினெட்டாவதை வாசித்துப் பார்க்கச் சொல்லிப் போன கிழமை அனுப்பியிருந்தான். வன்தட்டில் எழுதும்போது பிழை நேர்ந்ததா என்று கேட்டால் சொல்லும் நிரல்துண்டு அது. ஆனால் ஒரு தடவைதான் சொல்லும். சொன்ன கையோடு அந்தக் குறியை அழித்துவிடும். அடுத்துக் கேட்பவருக்கு எல்லாம் சரி என்றே பதில் போகும். 'எத்தனை தடவை கேட்டாலும் சொல்லும்' என்று எழுதியிருந்தான் உதயரூபன். இதை நம்பி யாராவது நிரல் எழுதினால், யாரோ ஒருவரின் கோப்பு கெட்டது தெரியாமலே போகும். எனக்கு முதல் வாசிப்பிலேயே பிடிபட்டது. கிழமை முழுக்க அந்தச் சந்தோஷத்தோடு திரிந்தேன். ஒரு தடவையாவது இவன் மூக்கு உடையட்டும்.

நேற்றுப் பின்னேரம் கடைக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டான்.

"வாசிச்சியா மச்சான்? ஏதும் பிழை இரிக்கா?"

"ஒண்டுமில்ல. அனுப்பு."

"வடிவாப் பாத்தியா?"

"ஓம்டா."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப உன்ட பேரையும் போடணும். நீயும் எவ்வளவு நாளா..." என்றவன் முடிக்கவில்லை. தன் பெயருக்குக் கீழே, 'சரிபார்த்தவர்' என்று என் முழுப் பெயரையும் தட்டச்சு செய்தான். பிறகு, "நீயே அனுப்பு" என்று மவுஸை என் கைப்பக்கம் தள்ளிவைத்தான்.