கையைக் காட்டச் சொன்னவர்

அருள்மணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் தாராபுரத்து மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் கண்காணிப்பாளர் அறைக்குத்தான் வந்தது. பியூன் வந்து என் சன்னலோரம் நின்று, "உங்க பழைய எம்.எல்.ஏ. அம்மா தவறிப்போயிட்டாங்களாமுங்க. அன்னூர்ல இருந்து பேசினாங்க" என்றார். வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். பாதியில் எழுந்து போனால் அக்காவே திட்டுவார் என்று நினைத்து, கடைசி ஆளுக்கும் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அது சரிதான். ஆனால் கடைசி காலத்தில் அவர் விஷயத்தில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

இரங்கல் கூட்டத்து மலருக்காக அவருடைய சாதனைகளை எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். இதை வாசிக்கப்போகும் உங்களுக்கு அவரைத் தெரியும். பண்ணைக் கூலிகளின் மகள், பஞ்சாலை மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவர், ஒரே ஒருமுறை சட்டமன்றம் போனவர். அந்த ஐந்து ஆண்டும் எந்த மானியக் கோரிக்கை வந்தாலும் சுற்றி வளைத்து மருந்து விலைக்கு வந்து சேர்ந்துவிடுவார். சாலையைப் பற்றிப் பேசச் சொன்னால், அந்தச் சாலை ஆஸ்பத்திரிக்குப் போகிறதா என்று கேட்பார். சொந்தக் கட்சிக்காரர்களே அவரை 'மாத்திரை அம்மா' என்று கேலி செய்தார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதன்முதலில் அவரைப் பார்த்தது அன்னூர்ப் பக்கம் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில். ஊர் பெயர் வேண்டாம். எம்.எல்.ஏ. வருகிறார் என்றதும் சுவருக்கு வெள்ளையடித்தோம். நானும் இருக்கிற மருந்தையெல்லாம் எடுத்து அலமாரியின் முன்வரிசையில் அடுக்கி, பின்னால் இருந்த காலி இடத்தை மறைத்துவைத்திருந்தேன். அவர் வரிசையில் நின்றவர்களிடம், "மருந்தெல்லாம் ஒழுங்காக் கெடைக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லோரும் ஒரே குரலில், "கெடைக்குதுங்க அம்மணி" என்றார்கள். டாக்டர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கிளம்பும் நேரத்தில், அப்படிச் சொன்னவர்களில் ஒரு பெரியவர் சாலையைக் கடந்து எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போவதை அக்கா பார்த்துவிட்டார். அவரும் பின்னாலேயே போனார். நாங்களும் ஓடினோம்.

"ஏனுங்க, மருந்து கெடச்சுதுன்னு சொன்னீங்களேங்க?"

"கெடச்சுதுங்க அம்மணி. கொஞ்சம் கொறைவாக் கெடச்சுதுங்க."

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"மொகத்துக்கு நேரா எப்படிங்க இல்லைன்னு சொல்றது? அந்த மருந்து குடுக்கற தம்பி தங்கமான பையனுங்க. பாவம், சங்கடப்படுவாருங்க."

அந்தத் தங்கமான பையன் நான்தான், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பெரியவரின் உள்ளங்கையில், செய்தித்தாள் துண்டில் பொதிந்த மாத்திரைகள் இருந்தன. சீட்டில் டாக்டர் எழுதியதில் பாதிகூட இல்லை. ஏன் என்று அக்கா என்னிடம் கேட்டார். எழுதியபடி கொடுத்தால் வரிசையின் கடைசி ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது, அதனால் எல்லோருக்கும் குறைத்துக் கொடுக்கிறேன் என்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். "நம்மூர்க்காரங்க வாயைக் கேக்கக் கூடாதுங்க தம்பி. கையைப் பாக்கோணும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் உள்ளே நுழையமாட்டார். வாசலில் நிற்பார். வெளியே வருகிறவர்களிடம் மருந்து கிடைத்ததா என்று கேட்கமாட்டார். "கையைக் காட்டுங்க" என்பார், அவ்வளவுதான். எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. டாக்டர்களிலும் சிலருக்கு ஆகாது.

சட்டமன்றத்தில் அவர் அப்படி ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிய கதையை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். அவைக்குள் பொருள்களைக் காட்ட அனுமதியில்லை என்று தடுத்தார்களாம். "இது பொருள் இல்லைங்க. காய்ச்சல்ல கெடக்கற ஒரு கூலிக்காரரோட பாதி வைத்தியமுங்க. மீதிப் பாதி எங்கன்னு கேக்கத்தான் கொண்டுவந்தேன்" என்றாராம். மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும், கம்பெனி வைத்த பெயரில் வாங்காமல் மருந்தின் பெயரில் வாங்கினால் இன்னும் இறங்கும், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ஒரு மாதத்து மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கூலி வேலை செய்கிறவர்களுக்கு நாள் கெடாது. இவைதான் அவர் திரும்பத் திரும்பப் பேசியவை. அவர் ஒருவரால்தான் எல்லாம் மாறியது என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. பலர் பேசினார்கள், அவரும் விடாமல் பேசினார். கொஞ்ச காலத்தில் என் அலமாரியின் பின்வரிசையிலும் மருந்து இருந்தது.

அப்போது நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அன்பு மிகுதியில் மருத்துவமனை இருப்பிலிருந்து மாத்திரை எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை அக்கா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். சால்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார். சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, என் சன்னலுக்கு வந்து மருந்து வாங்கினார். பிறகு நான் அனுப்பியதை அப்படியே சன்னல் பலகையில் வைத்தார். "ஊட்டுக்கு வர மருந்து யாரோ ஒருத்தரோட கையில இருந்து வருதுங்க தம்பி. இனிமே இப்படிச் செஞ்சுபோடாதீங்க" என்றார். காய்ச்சலில் அவர் குரல் நடுங்கியது.

அடுத்த தேர்தலில் தோற்றார். நாம்தான் தோற்கடித்தோம். ஆறுதல் சொல்லப் போன என்னையே அவர் தேற்றினார். "நோவு தீந்தவங்க ஆஸ்பத்திரிய மறந்துபோடோணுங்க. அப்பத்தான் வைத்தியம் நல்லா நடந்துதுன்னு அர்த்தம்" என்றார்.

எனக்குத் தாராபுரத்துக்கு மாற்றல் வந்த பிறகு போக்குவரத்து குறைந்தது. கடைசியாக அவரைப் பார்த்தது போன ஆடியில். ரத்தக்கொதிப்பு அதிகமாகி, கால் தளர்ந்து, வீட்டோடு இருந்தார். நோயாளியைப் பார்க்கப் போகிற நம் வழக்கப்படி சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். அவருடைய தங்கை கிரேசி காபி கொடுத்தார். "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டுக்கறீங்களாக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் போட்டுக்கறனுங்க தம்பி. எனக்கென்ன, நல்லா இருக்கறேன்" என்றார். சாத்துக்குடிப் பையை வைக்கச் சன்னல் திட்டில் இடமில்லை. அங்கே ஒரு தகர டப்பா இருந்தது. அதை நகர்த்திவிட்டுப் பையை வைத்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியதும் கிரேசி அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார். மீதி மாத்திரை யாருக்காவது ஆகுமா என்று பார்க்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே இருந்ததெல்லாம் பாதி மாத்திரைகள். பிளேடால் நறுக்கியவை. முழுசாக ஒன்றுகூட இல்லை.

"பாதிதான் எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"முழுசுதானுங்க எழுதியிருந்தாங்க. கடையில வெலை ஏறிப்போச்சுங்க. பாதியாப் போட்டா மாசம் ஓடிப்போகும்னு அக்காதான் சொன்னாங்க. இந்த மாத்திரை நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரதில்லைங்க, கோயமுத்தூருப் பெரிய ஆஸ்பத்திரியில சும்மாவே கெடைக்குமாமுங்க. ஆனா ஆளு நேர்ல போயி வரிசையில நிக்கோணும். அக்காவுக்குப் பஸ்ஸேறக் காலுல தெம்பில்லைங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

கிரேசி கொஞ்சம் தயங்கினார். "நான் சொல்றேன்னு சொன்னனுங்க. வேண்டாம்னுட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரியில இருந்து எடுத்துக்கிட்டு வந்துருவீங்கன்னு பயந்தாங்க."

நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கமாட்டேன். என் சம்பளத்தில் கடையில் வாங்கித் தந்திருப்பேன். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒருமுறை அப்படிச் செய்தவன்தானே நான். பாதி மாத்திரையால்தான் அவர் உயிர் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையோடு பிழைப்பு நடத்துகிறவன், அந்த டப்பாவைக் கையால் தொட்டு நகர்த்தியவன், திறந்து பார்க்கவில்லை. அவர் வாயைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் பஸ் ஏறினேன். உங்களிலும் பலர் அந்த வீட்டுக்குப் போய் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். நாம் சங்கடப்படக் கூடாது என்று அவரும் நம்மூர்க்காரராகவே பதில் சொல்லியிருக்கிறார்.

சாதனைகளை எழுதக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். மருந்து மலிந்தது, உண்மை. ஆனால் பஸ் ஏற முடியாதவரின் வீடு வரை அது இன்னும் வந்து சேரவில்லை. அவர் இன்னொரு முறை சட்டமன்றம் போயிருந்தால் அதைத்தான் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

டப்பாவைக் கிரேசியிடமே கொடுத்துவிட்டேன். என்னோடு தாராபுரம் வந்தது, 'கையைக் காட்டுங்க' என்ற அவருடைய அந்த ஒரு வார்த்தைதான். இப்போதெல்லாம் என் சன்னலுக்கு வருகிற யாரிடமும் மருந்து போதுமா என்று நான் கேட்பதில்லை. வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையோடு கையைக் காட்டச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கூச்சப்படுகிறார்கள், ஆனாலும் நீட்டுகிறார்கள். அக்காவிடம் கேட்டிருந்தால் அவரும் நீட்டியிருப்பார்.