மேல்வீட்டுச் சப்பாத்துச் சத்தம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த எங்களுக்கு அது இரண்டாவது பனிக்காலம். அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்ட்டில் நான், கணவர், மூன்று வயது மகள் மூவரும் வாடகைக்கு இருந்தோம். சின்னப் பிள்ளை இருந்தாலும் பரவாயில்லை என்று எங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரே வீடு அதுதான். மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டிய, பிரெஞ்சு பேசும் வெள்ளைக்காரர். கண்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

கணவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அவர் போய்விட்டால் வீட்டில் நானும் மகளும்தான். பனிக்காலத்தில் இங்கே பின்னேரமே இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்து மேலே நடை தொடங்கும். கனத்த சப்பாத்து. ஓர் அடி விழும். நீண்ட இடைவெளி. பிறகு அடுத்த அடி. வயதானவர் தடுமாறி நடப்பதுபோலவும் இல்லை. ஒவ்வோர் அடியும் அளந்து வைத்ததுபோல விழும். வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை போய், நின்று, திரும்பி வரும். சில நாட்களில் அதோடு சேர்ந்து அடித்தொண்டையில் ஒரு பாட்டும் கேட்கும்.

ஊரில் இராணுவத்தின் சப்பாத்துச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. இங்கே ஆமி இல்லை என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. முதல் அடி விழுந்ததும் கை தானாகப் போய் லைற்றை அணைத்துவிடும். அடுப்பை நிறுத்தி, மகளை மடியில் இழுத்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலோரம் குந்தியிருப்பேன். நான் மறந்தாலும் மகள் மறக்கமாட்டாள். "அம்மா, லைற்றை நூருங்கோ" என்று குசுகுசுப்பாள்.

கணவரிடம் சொன்னால் சிரிப்பார். "அந்தாள் தன்ர வீட்டுக்குள்ள நடக்குது. உமக்கு என்ன வந்தது?" என்பார். அவருக்கென்ன, அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால்தானே!

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்பு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டினேன். வரச்சொல்லிக் குரல் கேட்டது. சமையலறைக்குள் போனவள் அப்படியே விறைத்து நின்றுவிட்டேன். வாளி நிறைய இரத்தம். அதற்குள் முழங்கைவரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டு நின்றார். காலில் பழைய இராணுவச் சப்பாத்து. முதுகில் ஒரு பை. பைக்குமேல், பாயைச் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டிக் கட்டிய போர்வை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். பன்றி இரத்தம், இறைச்சிக்கடையில் வாங்கியது, கட்டிபடாமல் இருக்கக் கையால் கலக்குகிறேன் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அதை வெங்காயத்தோடும் கொழுப்போடும் சேர்த்துக் குடலில் அடைத்து அவித்தால் அதற்குப் பெயர் 'புடான்'. ஊரிலும் ஆட்டிரத்தத்தில் வறை வைப்பார்கள்தான். ஆனால் அதற்கு யாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை.

பிறகு முதுகிலிருந்த சுருளைத் தட்டிக்காட்டி, இதுவும் புடான்தான் என்றார். இளவயதில், வெளிநாட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிரெஞ்சுப் படையில் இருந்தாராம். பைக்குமேல் சுருட்டிக் கட்டும் போர்வைக்கு அங்கே அந்தப் பெயராம். அவர்களுடைய நடைப்பாட்டிலும் அந்தச் சொல்தான் வருமாம். அந்தப் படையே மெதுவாகத்தான் நடக்குமாம். பின்னேரத்தில் அப்படி நடக்காவிட்டால் தனக்கு நித்திரை வராது என்றார்.

கீழே வரும்போது என் கையில் ஒரு தட்டு. சற்றுமுன் அவித்து இறக்கியதில் இரண்டு துண்டு, கறுப்பாக, ஆவி பறந்தபடி. நேரே குப்பைக்குள் போட்டேன். அதுவரை யாரோ ஒரு கிழவர் நடக்கிறார் என்று மனதைத் தேற்ற முடிந்தது. இனி அதுவும் இல்லை. மேலே நடப்பது உண்மையிலேயே ஒரு ஆமிக்காரர். "வேற வீடு பாருங்கோ, என்னாலை ஏலாது" என்று கணவரிடம் அழுதேன்.

மாசி மாதம், பெரும்பனி கொட்டி ஓய்ந்த மறுநாள். காலையிலிருந்தே எனக்குத் தலையிடி. மகள் சாப்பிட்டதைச் சத்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து, லைற்றைப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் சரிந்தேன். வெளியே இருட்டியது. மேலே முதல் அடி விழுந்தது.

லைற்றை அணைக்கவேண்டும் என்று நினைத்தேன். கால் எழவில்லை. கிடக்கட்டும் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதன்முறையாகச் சப்பாத்துச் சத்தம் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. தாலாட்டுப்போல இதமாக இருந்தது. இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிவது அந்த இதத்தை நினைத்தால்தான்.

நடை பாதியில் நின்றது. பிறகு சத்தம் படிகளில் இறங்கியது. எங்கள் கதவு இடிபட்டது. உடைந்தது. என் கண்ணுக்கு நேரே அந்தச் சப்பாத்துகள். நான் இருப்பது ரொறன்ரோவிலா ஊரிலா என்று தெரியவில்லை. "பிள்ளையை ஒண்டும் செய்யாதேங்கோ ஐயா" என்று தமிழில் கெஞ்சினேன். அவர் முதுகிலிருந்த போர்வையை அவிழ்த்து உதறி, மகளை அதில் சுற்றித் தோளில் போட்டார். மறுகையால் என்னை இழுத்துக்கொண்டு படியேறினார்.

பனிக்குள் கிடத்தியபோது மகள் அசையவில்லை. அந்தக் கிழவர் மண்டியிட்டு, மூச்சிரைக்க, அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. கடைசியில் அவள் வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

புகைபோக்கியைப் பனிக்கட்டி அடைத்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் நச்சுவாயு எங்கள் அறைக்குள் நிறைந்திருந்தது என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேலே அவ்வளவாகப் பரவவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

வீடு திரும்பியதும் நானும் கணவரும் நன்றி சொல்லப் போனோம். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் எங்களைச் சமையலறை யன்னலுக்குக் கூட்டிப்போனார். கீழே, எங்கள் அறை வெளிச்சம் பனியில் சதுரமாக விழுந்திருந்தது.

"நான் முதல் அடி வைத்ததும் இது அணைந்துவிடும், ஒவ்வொரு நாளும். அன்றைக்கு அணையவில்லை" என்றார். "நாங்கள் நடந்துபோன ஊர்களிலும் விளக்குகள் இப்படித்தான் அணையும். ஏன் அணைகிறது என்று எனக்குத் தெரியும்." அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த நாடு என்று நாங்கள் கேட்கவில்லை. எனக்கு அவர் காலில் விழவேண்டும்போலவும் இருந்தது, அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டும்போலவும் இருந்தது. இனி நடக்கமாட்டேன் என்றார். "இல்லை, நடவுங்கோ" என்று சொன்னது நான்தான்.

மகளுக்கு இப்போது அவளுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மனிதரை நினைத்துக் கும்பிடும்போதெல்லாம் எனக்கு வேறு சிலரும் நினைவுக்கு வருகிறார்கள். அவருடைய சப்பாத்துச் சத்தத்துக்குப் பயந்து, எங்கோ பெயர் தெரியாத ஊர்களில் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அம்மாமார். இருட்டின் அர்த்தத்தை அவருக்குப் படிப்பித்தவர்கள் அவர்கள்தான். என் பிள்ளை பிழைத்தாள், அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.