சீரியல்காரம்மாவின் மீன்கூடை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்து எழுதடி என்றால், சிரிப்புக்கு எழுத்து கிடையாது ஆயா என்கிறாள். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போய் என்ன படித்தாளோ.

என் மருமகள் நாடகத்தில் நடிக்கிறவள். பகலில் திருமுடிவாக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நட்டு, போல்ட்டுகளை எடை பார்த்து அட்டைப்பெட்டியில் போடுகிற வேலை. சனி, ஞாயிறு சாயங்காலம் தாம்பரத்தில் மேடை. பாட்டும் ஆட்டமுமாக ஒரு சிரிப்பு நாடகம். ஒரு மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைகிறாள். வாட்ச்மேன் விடமாட்டேன் என்கிறான். மாடியில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கடைசியில் அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கே அவள்தான் தலைவி. அந்த மீன்காரிதான் என் மருமகள். கோவிலம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள். பார்த்தவர்களே திரும்ப வந்தார்கள்.

எனக்கு இதில் பெருமை வராமல் இருக்குமா? நானும் மீன்காரி. முட்டி தேயும்வரை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றவள். மருமகளின் அம்மாவும் மீன்காரி. எங்கள் சம்பந்தமே மீன் ஏலம் விடுகிற கரையில்தான் முடிவானது. ஒரு கூடை வஞ்சிரத்துக்கு நானும் அவளும் குடுமிப்பிடிச் சண்டை போட்டோம். விலக்கிவிட வந்த அவள் மகள் நல்ல பெண்ணாக இருந்தாள். என் மகனுக்குக் கேட்டுவிட்டேன். வஞ்சிரம் யாருக்குப் போனது என்று மட்டும் இன்றைக்கும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஒரு நாள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் நாடகத்தின் போஸ்டரைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, முகம் தெரியாதா? அதே கூடை. அதே பச்சைப் புடவை. முகம் மட்டும் வேறு. கிட்டே போய்ப் பார்த்தால், என்னுடைய சீரியல்காரம்மா!

சாயங்காலம் டிவியில் வருகிற அவளை நான் ஒரு நாளும் விட்டதில்லை. புருஷன் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம் அவளை அழவைப்பார்கள். அவள் உதடு துடிக்க ஆரம்பித்தால் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது மிக்ஸி போட்டால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன்.

பீர்க்கன்கரணையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முட்டிவலியை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

"அடியே! உன் நாடகத்துக்கு யாரு வர்றான்னு தெரியுமா? நம்ம சீரியல்காரம்மா!"

மருமகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் அத்த. எனக்குப் பதிலா வர்றாங்க."

"பதிலான்னா?"

"பதிலான்னா பதிலுதான். டிக்கெட் போறதுக்கு டிவி மூஞ்சி வோணுமாம். ஒரு மாசம் அவங்கதான் மீன்காரி. நான் மாடில துணி காயப்போடுற பொம்பள."

"பேச்சு எவ்ளோ கீது?"

"பேச்சே இல்ல. துணி மட்டும்தான்."

"மாசம் முடிஞ்சா?"

"'பாப்போம்மா'ன்னாரு சார்."

சார் என்பது நாடகத்தை நடத்துகிறவர். நல்ல மனுஷன்தான். ஆனால் 'பாப்போம்' என்ற சொல்லை எனக்குத் தெரியும். மீனைப் புரட்டிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, 'ஒரு சுத்து சுத்திட்டு வந்து பாப்போம்' என்று போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்திருப்பார்களா? மருமகளுக்கும் அது தெரியும். அவள் அம்மாவும் கூடைக்காரிதானே. வெங்காயத்தின் பேரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு சீரியல் பார்க்கும்போது எனக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. மருமகள் பின்னால் நின்றுகொண்டு, "அத்த, உங்க பொண்ணு அழுவுது. போய்த் தொடச்சி வுடுங்க" என்றாள்.

"போடி. எனக்கு முன்வரிசைல டிக்கெட் வாங்கிக் குடு. மார்க்கெட்டு பொம்பளைங்களும் வருவாளுங்க."

"என்னப் பாக்கவா, அவங்களப் பாக்கவா?"

"ரெண்டு பேரையுந்தான்."

"நான் துணி காயப்போடுறத வூட்லயே ஓசில பாக்கலாமே அத்த."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காலையில் முதல் வியாபாரம்தான் போணி. முதலில் வந்து விலை கேட்டவன் ஒரு பிடி நெத்திலியாவது வாங்காமல் போனால் அன்றைக்குக் கூடை விளங்காது. காலைப் பிடித்தாவது கொடுத்துவிடுவோம். அந்தப் போணிக் காசைக் கண்ணில் ஒற்றி, கூடையை ஒரு சுற்று சுற்றித்தான் முடிந்துகொள்வோம். நாடகத்தில் ஒரு பேண்ட்காரர் முதல் ஆளாக வந்து பேரம் பேசி, வேண்டாம் என்று போவதாகத்தான் எழுதியிருந்தார்கள். என் மருமகள் போகவிடமாட்டாள். சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் பையில் ஒரு மீனைத் திணித்துவிட்டுத்தான் பாட்டையே ஆரம்பிப்பாள். ஜனம் அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கும். சீரியல்காரம்மா வந்ததும் சார் அதை எடுத்துவிட்டார். பெரிய நடிகை ஒருத்தர் சட்டையைப் பிடித்து இழுத்தால் மரியாதையாக இருக்காதாம்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. நாங்கள் மீன்காரிகள் ஒரு வரிசையையே பிடித்து உட்கார்ந்தோம். சீரியல்காரம்மா கூடையோடு வந்தாள். கைதட்டல் ஓய்வதற்குள் எங்கள் வரிசையில் இரண்டு பேர் முந்தானையை எடுத்துவிட்டார்கள். அவளைப் பார்த்தால் அழுதுதானே எங்களுக்குப் பழக்கம். மாடியில் என் மருமகள் ஈரப் போர்வையை உதறிக்கொண்டு நின்றாள்.

பேண்ட்காரர் வந்தார். விலை கேட்டார். மோந்து பார்த்தார். வேண்டாம் என்று வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தார். சீரியல்காரம்மா பாட வாயைத் திறந்தாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "ஏய்! போணி ஆவாம போறான் பாரு! புடிம்மா அவன!"

எனக்குப் பின்னாலேயே எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. "வெறுங்கையோட வுடாதம்மா! கூடை வெளங்காது!"

பாட்டு நின்றது. பேண்ட்காரர் போவதா திரும்பி வருவதா என்று பாதியில் நின்றார். சீரியல்காரம்மாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. டிவியில் துடிக்கிற அதே துடிப்பு. நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாடியைப் பார்த்தேன். மருமகள் பேசாமல் நின்றிருக்கலாம். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாடகம் அங்கேயே படுத்திருந்தால், மறுநாள் காலையில் சார் அவளைத்தான் கூப்பிட்டிருப்பார். அவள் யாரையும் பார்க்கவில்லை. போணியாகாத அந்தக் கூடையை மட்டும் பார்த்தாள். ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தடதடவென்று படியிறங்கி வந்தாள்.

"இன்னாக்கா, ஒரே பேஜாரா கீதா? காலங்காத்தால கூடைய தூக்கிகினு வந்தவள அம்போன்னு வுட்டுட்டுப் போறாரு, பேண்ட் போட்ட மகராசன். எனக்கு ஒரு மீன் குடு. நான் பண்றேன் போணி."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நோட்டை நீட்டினாள். உதடு அசையாமல் அவள் சொன்னது முன்வரிசையில் எனக்குக் கேட்டது: "கண்ணுல ஒத்திக்குங்க."

சீரியல்காரம்மா நோட்டைக் கண்ணில் ஒற்றினாள். அந்த நோட்டால் கூடையை ஒரு சுற்று சுற்றினாள். பிறகு சிரித்தாள். இத்தனை வருஷ சீரியலில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல்வரிசை அவ்வளவு அழகு!

"அது சரி, போர்வை இன்னாத்துக்கு இவ்ளோ ஈரமா கீது?" என்று அவளே கேட்டாள்.

"உன் சீரியலப் பாத்து எங்க அத்த அழுதாங்க. அதத்தான் புழிஞ்சிகினு இருந்தேன்!"

மண்டபமே இரண்டாகப் பிளந்தது. ஊரே சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

மறுநாளிலிருந்து அந்தப் பேச்சு நாடகத்தோடு சேர்ந்துவிட்டது. துணி காயப்போடுகிற பொம்பளைக்கு வாய் வந்துவிட்டது. ஆனாலும் மாசக் கடைசியில் சார் இன்னொரு டிவி முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சீரியல்காரம்மா கிளம்பும்போது அவரிடம் சொன்னதை மருமகள் எனக்கு நடித்தே காட்டினாள்.

"கூடைய இந்தப் பொண்ணுகிட்ட திருப்பிக் குடுங்க சார்."

"பாப்போம்மா."

"பாப்போம்லாம் வேணாம். இப்பவே சொல்லுங்க. அடுத்த மாசம் முதல் நாள் ஆட்டத்துக்கு துணி காயப்போட நான் வரேன். போஸ்டர்ல என் மூஞ்சியும் போட்டுக்குங்க."

சார் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தாராம். துணி காயப்போட ஒரு ஸ்டார் வந்தால் டிக்கெட் பறக்கும் என்பது அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது போல.

இந்த முறை போஸ்டரில் இரண்டு முகம். கூடைக்குக் கீழே என் மருமகள். மாடியில், சின்னதாக, என் சீரியல்காரம்மா. அந்தச் சுவருக்கு எதிரே நின்று இரண்டு பஸ்ஸை விட்டேன்.

அந்த முதல் நாள் மேடையில் பேண்ட்காரர் வெறுங்கையோடு போனார். என் மருமகள் இடுப்பில் கைவைத்து மாடியைப் பார்த்தாள். சீரியல்காரம்மா ஈரப் போர்வையோடு படியிறங்கி வந்து நோட்டை நீட்டினாள். சரியாகத் தெரியவில்லை என்று நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான். பின்னாலிருந்து, "ஆயா, மறைக்குது!" என்று ஒரே கூச்சல்.

என் மருமகள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஒக்காருங்க அத்த. போணி ஆயிடிச்சி!"