பலகையில் தட்டினால் விலகிப் போங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் ஒரு லொறி வந்திருந்தது. மிளகும் கொக்கோவும் ஏற்றுவதற்குத்தான் வாங்கினார்கள். ஆனால் என் கணவருக்கு வேறொரு ஆசை பிடித்துக்கொண்டது. லொறியையே வீடாக்கிக் குடும்பத்தோடு வேரகந்தோட்டைப் பக்கம் போய், காட்டோரமாக மகாவலிக் கரையில் சில நாள் தங்கிவர வேண்டும். மான் பார்க்கலாம், மயில் பார்க்கலாம் என்று என்னிடமும் ஆசை காட்டினார். கல்யாணமாகி வந்த பிறகு நான் கண்ட உலகம் எங்கள் வீட்டு வளவும் கண்டி ஆஸ்பத்திரியும்தான். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா என்ன?

ஆனால் பெரிய மச்சான் சம்மதிக்க வேண்டுமே. அவர் என் கணவரின் மூத்த சகோதரர். லொறியை ஓட்டுபவரும் அவர்தான். ஒரே வீட்டில் இருந்தும் அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. நான் இருக்கும் பக்கம் வர நேர்ந்தால் தூரத்திலேயே தொண்டையைச் செருமுவார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கிய பிறகுதான் உள்ளே வருவார். அவர் செருமுவதை வைத்தே அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று நான் சொல்லிவிடுவேன்.

"பொம்புளைகளத் தொறந்த லொறில ஏத்திக்கிட்டுப் போக ஏலாது" என்று அவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பிறகு தம்பியின் முகம் வாடியதைப் பொறுக்காமல் அவரே வழியும் கண்டுபிடித்தார். லொறியின் பின்புறத்தில் மரச்சட்டம் அடித்து, சுற்றிலும் தடித்த திரை கட்டினார். எறும்பு போகக்கூட இடமில்லை. பின்பக்கத் திரையை மட்டும் நாங்கள் உள்ளிருந்து அவிழ்த்துக்கொள்ளலாம். வழியில் இறங்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கணவர் மூலமாகக் கேட்டேன். அதற்கும் ஒரு முறை வைத்தார். நாங்கள் பக்கப் பலகையில் தட்டினால் போதும், ஆண்கள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விலகிப் போய்விடுவார்கள்.

சமையல் ஏற்பாடு என்னுடையது. விறகு எரித்தால் புகை திரையெல்லாம் அப்பிவிடும் என்று சிரட்டைக்கரியும் சின்ன அடுப்பும் எடுத்துவைத்தேன். ஓடும் வீட்டில் சமைக்க முடியுமா என்று மாமி, என் கணவரின் தாய், சிரித்தார். முடியும் என்று காட்டவே ஓர் ஒத்திகை வைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, திகன வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பின்னால் மாமி, என் கணவரின் தங்கை, நான், இன்னும் தவழத் தொடங்காத என் மகள். முன்னால் ஆண்கள் இரண்டு பேரும்.

திகனவுக்குக் கொஞ்சம் முன்னால், கொக்கோ தோட்டங்களுக்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. லொறி நின்றது. பெரிய மச்சான் செருமிக்கொண்டே பின்னால் வந்து, திரைகளுக்கு மேலாகத் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் வெளியிலிருந்து கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முன்னால் மதகுக்கு மேல் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க என் கணவர் நடந்து போனார். மச்சான் மட்டும் வண்டியருகே குடையோடு நின்றார்.

மழைக்கு இதமாக இஞ்சித் தேத்தண்ணி போடலாம் என்று அடுப்பில் கரியை மூட்டினேன். கனல் அழகாகப் பிடித்தது. புகையே இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமி பக்கப் பலகையில் சாய்ந்து கண்ணை மூடினார். அலுப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். தங்கை, "மதினி, எனக்குத் தலை சுத்துது" என்றாள். எனக்கும் நெற்றிக்குள் யாரோ இடிப்பது மாதிரி இருந்தது. லொறி குலுங்கியதால்தான் என்றேன். கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. தங்கை மாமியின் மடியில் சரிந்தாள். "மாமி, எழும்புங்க" என்று தோளை உலுக்கினேன். அவர் எழும்பவில்லை.

என் மகளைப் பார்த்தேன். மழை இரைச்சலுக்குச் சிணுங்கிக்கொண்டிருந்தவள் சத்தமில்லாமல் கிடந்தாள். தூக்கினால் தலை துவண்டது. கரிதான் எங்களைக் கொல்கிறது என்று எனக்குத் தெரியாது. காற்று வேண்டும் என்று மட்டும் உடம்புக்குத் தெரிந்தது. பின்பக்கத் திரையின் முடிச்சை அவிழ்த்தேன். அதற்கு வெளியே தார்ப்பாய். தள்ளினேன், அசையவில்லை. அதன் கயிறு வெளியே இருப்பதை அப்போதுதான் நினைத்தேன்.

கத்தினேன். குரல் ஈனமாகத்தான் வந்தது, மழைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அகப்பையை எடுத்துப் பக்கப் பலகையில் ஓங்கித் தட்டினேன். பலகைக்கு வெளியே, மிக அருகில் மச்சானின் செருமல் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ், கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சேற்றில் செருப்புச் சத்தம். அது எங்களை நோக்கி வரவில்லை. விலகிப் போனது.

எங்கள் முறைப்படியே செய்தார், பாவம். தான் வெளியே கட்டிய கயிற்றை மறந்து, நாங்கள் இறங்கப் போகிறோம் என்று நினைத்து, அந்தக் கொட்டும் மழையிலும் மரியாதையாக ஒதுங்கிப் போகிறார். நான் இன்னும் பலமாகத் தட்டினேன். செருப்புச் சத்தம் இன்னும் தூரம் போய்த் தேய்ந்தது. தட்டத் தட்ட அவரை நானே துரத்துகிறேன் என்று புரிந்தது. ஆனால் தட்டுவதை விட்டால் எனக்கு வேறு என்ன இருந்தது? பலகை இடுக்கில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. மகளின் மூக்கை அந்த இடுக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தட்டினேன். கை என் சொல்லைக் கேட்காமல் போகும்வரை தட்டினேன். அல்லாஹ்வே, இவளை மட்டுமாவது விட்டுவிடு என்று கேட்டது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது, தார்ப்பாய் கிழிந்த சத்தம். கத்தி முனையும், அதற்குப் பின்னால் பளீரென்று வெளிச்சமும், மழையும். மச்சான் உள்ளே பாய்ந்தார். செருமவில்லை. தலையில் முக்காடில்லாமல், அவிழ்ந்த கொண்டையோடு கிடந்த என் முகத்தை நேராகப் பார்த்து, "புள்ளயத் தாங்க, கெதியாத் தாங்க" என்றார். மகளை வாங்கிப் போய் மழையில் நின்று முதுகைத் தேய்த்தார். அவளைப் புல்லில் கிடத்திவிட்டு வந்து அடுப்பைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். என்னையும் மாமியையும் தங்கையையும் ஒவ்வொருவராகத் தூக்கிப் புல்லில் கிடத்தினார். மழை முகத்தில் அறைந்தது. ஊசி போடும்போதுகூட என் மகள் அப்படி வீறிட்டு அழுததில்லை. அந்த அழுகையைக் கேட்டு நானும் ஓவென்று அழுதேன்.

மாமியும் தங்கையும் மெல்லக் கண் திறந்தார்கள். மச்சான் தன் சால்வையை என் தலைமேல் போட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். மதகிலிருந்து ஓடிவந்த என் கணவரிடம், எங்கள் காதிலும் விழும்படி சொன்னார்: "ஒருக்கா தட்டினா எறங்கப் போறாங்க எண்டு வெளங்கும். விடாமத் தட்டினா என்னத்துக்கெண்டு நாம பேசி வெக்கல்லயே. தோட்ட முனைக்கிப் போயும் அந்தச் சத்தம் என்னய விடல்ல."

மூடிய இடத்தில் கரிக்கனல் நஞ்சு என்று கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகுதான் சொன்னார்.

பயணத்தைக் கைவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. சில மாதம் கழித்து மகாவலிக் கரைக்குப் போனோம், மயிலும் பார்த்தோம். அடுப்பு வெளியே மரத்தடியில் எரிந்தது. திரை முன்போலவே இருந்தது, ஆனால் மச்சான் எல்லா முடிச்சையும் உள்பக்கம் மாற்றியிருந்தார். முறையிலும் ஒன்றைச் சேர்த்திருந்தார்: ஒரு தரம் தட்டினால் விலகிப் போவோம், விடாமல் தட்டினால் யார் இருந்தாலும், எப்படி இருந்தாலும் திறப்போம்.

அன்றைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றும் தூரத்திலேயே செருமுகிறார், நானும் முக்காட்டை இழுத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் அந்தச் செருமல் என்னை ஒதுங்கச் சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கும். இப்போதோ, நான் தட்டினால் ஓடிவர ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார் என்று சொல்வதாகக் கேட்கிறது.