ஸ்பேமில் கிடந்த காளியண்ணன்

பரமத்தி வட்டாரத்தில் சின்னராஜ் என்று கேட்டால் யோசிப்பார்கள். ரிக்காரர் என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். சொந்தமாக ஒரு வண்டியும் வைத்திருந்தவர் இல்லை. திருச்செங்கோட்டு முதலாளிகளின் ரிக் எனப்படும் போர்வெல் வண்டிகளில் துளைபோடும் டிரில்லராக ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று அலைந்தவர், கடைசியில் டான்சானியா வரை போனார்.

அங்கே அவரோடு இருந்தவர் மோகனூர் காளியண்ணன். ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் பொங்கித் தின்றவர்கள். ஒருநாள் துளைபோடும் இரும்பு ராடு சரிந்து சின்னராஜின் வலது தோளை நொறுக்கியது. காளியண்ணன்தான் அவரை ஜீப்பில் மடிமேல் கிடத்திக்கொண்டு, பகல் முழுக்க மண்பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த நாட்களில் இங்கே மனைவி நல்லம்மாளுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் மகளைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஊருக்கு அனுப்பும்போது விமான நிலையத்தில் காளியண்ணன் சொன்னார்: “நான் அடுத்த வருசம் சொந்தமா வண்டி போட்டுருவேன் சின்னா. மெயில் போடறேன், வந்துரு. நீ கை வைக்க வேண்டாம். பக்கத்துல நின்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும்.”

தோள் ஆறியதும் சின்னராஜ் பழைய ரிக் சாமான்களை வாங்கி விற்கும் புரோக்கர் வேலையில் இறங்கினார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மகள் அபிநயா ஒரு டெஸ்க்டாப் வாங்கிவந்து முன்னறையில் வைத்தாள். அதில் மெயில் புரோகிராமைப் போட்டு, டான்சானியாவில் இருந்தபோதே அவருக்கிருந்த முகவரியை ஏற்றி, எப்படித் திறப்பது, எப்படிப் பதில் எழுதுவது என்றெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். ஒரு ஃபோல்டரை மட்டும் தொடக்கூடாது என்றாள்.

“இது ஸ்பேமுங்கப்பா. கண்ட குப்பையும் வந்து விழும். தொறந்தா வைரஸ் ஏறிக்கும். நான் வாரப்ப நானே பாத்துக்கறேன்.”

“சரி சாமி” என்றார். மகள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

தினமும் காலையில் டீயை வைத்துக்கொண்டு இன்பாக்ஸைத் திறப்பார். கம்ப்ரஸர் விலை கேட்டு வரும், ஹேமர் இருக்கிறதா என்று வரும். காளியண்ணனிடமிருந்து ஒன்றும் வராது. மாதங்கள் போயின. கையில் இருந்தது பட்டன் போன். அதுவும் ஊருக்கு வந்தபின் வாங்கிய புது நம்பர். காளியண்ணனுக்குத் தெரியாது. தானே எழுதிக் கேட்கலாம்தான். கை விளங்காதவன் வேலைக்குக் கெஞ்சுகிறான் என்று நினைத்துவிட்டால்? அந்த வீம்பில் எழுதவில்லை.

பிறகு ஒருநாள் காளியண்ணனின் அம்மா கந்தம்மாள் மோகனூரில் இறந்துவிட்டதாகப் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். மகனும் வந்து காரியம் முடித்துவிட்டுத் திரும்பிவிட்டானாம்.

“பாத்தயா? ஊருக்கு வந்தும் நம்ம ஊட்டுப் பக்கம் தலை காட்டல. மொதலாளி ஆயிட்டான்” என்றார் நல்லம்மாளிடம்.

அவள் அடுப்பைப் பார்த்தபடி, “போறாங்க, உடுங்க” என்றாள்.

இந்த ஆண்டு ஆடியில் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர் வேல்முருகன் ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார். அது வந்து சேரவில்லை. போனில் சொன்னதும் அவர், “ஸ்பேம்ல பாருங்கண்ணா. எங்களது அடிக்கடி அங்கதான் போய் உழுகுது” என்றார்.

“அதத் தொறந்தா வைரஸ் வருமாமுங்க?”

“சும்மா தொறந்தா ஒண்ணும் ஆகாதுங்க. தெரியாத ஆள் அனுப்பற லிங்கைத்தான் அமுக்கக்கூடாது. நம்ம மெயில் இருந்தா, ஸ்பேம் இல்லைன்னு ஒரு பட்டன் இருக்கும், அதைக் குடுங்க. இன்பாக்ஸுக்கு வந்துரும்.”

திறந்தார். லாட்டரி, கடன், மாத்திரை விளம்பரம். நடுவே வேல்முருகனின் பட்டியல். அதற்குக் கீழே, திறக்கப்படாத மெயிலுக்குரிய தடித்த எழுத்தில், காளியண்ணன். இன்னும் கீழே இறங்கினார். மறுபடி காளியண்ணன். மறுபடியும்.

பழையதிலிருந்து படித்தார். “வண்டி போட்டாச்சு சின்னா. உனக்கு விசா ரெடி பண்ணட்டுமா?” என்றது முதல் மெயில். அடுத்தது, “ஏன் பதிலக் காணோம்? தோளு எப்படி இருக்குது?” என்றது. அதன் பின்னர் வந்தது வேலையைப் பற்றியே பேசவில்லை. “அம்மாவுக்கு முடியல. பக்கத்துல ஆள் இல்ல. நீ மோகனூருக்கு ஒரு எட்டுப் போயிப் பாரு. சின்னராஜு வருவான்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்கறேன்.”

கடைசியாக ஒரே வரி. “அம்மா கடைசி வரைக்கும் உன்னக் கேட்டுட்டே இருந்துச்சு. இனி எழுதமாட்டேன்.”

சின்னராஜ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். மோகனூர் பஸ் அவர் வீட்டுக்கு எதிரேதான் நிற்கும். கந்தம்மாள் கண் மூடிய வாரத்தில்கூட அந்தப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இயந்திரம் செய்த பிழை என்றுதான் நினைத்தார். எல்லா மெயிலுக்கும் ஸ்பேம் இல்லை என்று கொடுத்தார். “உன்னோட மெயில் எல்லாம் இன்னைக்குத்தான் பாத்தேன். மன்னிச்சுக்க” என்று இடது கையால் எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பினார். மறுநாள் இன்பாக்ஸில் பதில் இல்லை. சந்தேகப்பட்டு ஸ்பேமைத் திறந்தால் அங்கே கிடந்தது. “இத்தன நாளா எங்க போயிருந்த?”

வேல்முருகனை மறுபடி கூப்பிட்டார்.

“ஸ்பேம் இல்லைன்னு குடுத்தும் அங்கயே போகுதுன்னா, யாரோ ஃபில்டர் போட்டிருக்கறாங்கண்ணா. இந்த ஆளோட மெயில் வந்தா நேரா அங்க தள்ளுன்னு. செட்டிங்ஸ்ல பாருங்க.”

பார்த்தார். ஒரே ஒரு ஃபில்டர் இருந்தது. அதில் காளியண்ணனின் முகவரி.

அந்தக் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் தொட்டவள் ஒருத்திதான். போனை எடுத்தார்.

“காளியண்ணன் மெயிலை நீயா சாமி ஸ்பேமுக்குத் தள்ளுன?”

“அம்மாதாங்கப்பா அழுதுச்சு. மறுபடி போனா உங்கப்பன் பொணமாத்தான் வருவாருன்னுச்சு” என்றாள்.

“படிச்சயா?”

“இல்லீங்கப்பா. சத்தியமா ஒண்ணக்கூடத் தொறக்கல. மத்ததையெல்லாம் அழிச்சேன், இத அழிக்க மனசு வரல.”

“தொறக்காததுனாலதான் கந்தம்மா என்னக் கேட்டுட்டே செத்தது உனக்குத் தெரியல” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனை வைத்தார். நல்லம்மாள் கதவோரம் நின்றிருந்தாள்.

“நாந்தானுங்க போடச் சொன்னேன். புள்ளையத் திட்டாதீங்க.”

“போக வேண்டாம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேனே.”

“போயிருப்பீங்க” என்றாள் நல்லம்மாள். “அந்தத் தடவையும் சொன்னேன். போனீங்கல்ல.”

அவர் கந்தம்மாளைப் பற்றிய கடைசி மெயிலைப் படித்துக்காட்டியதும் நல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் தேற்றவில்லை. தேற்றத் தோன்றவில்லை.

ஃபில்டரை அழித்துவிட்டு, மெயிலெல்லாம் ஸ்பேமுக்குப் போயிருந்தது என்று காளியண்ணனுக்கு எழுதினார். மத்தியானம் காளியண்ணனின் அடுத்த மெயில் நேராக இன்பாக்ஸுக்கு வந்தது. “ஸ்பேமுக்குப் போச்சுன்னு சொல்ற, நம்பறேன். ஆனா எல்லாமே எப்படிப் போகும்? யாராச்சும் தடுத்தாங்களா?”

உண்மையை எழுதினால் காளியண்ணன் இவரை மன்னித்துவிடுவார். நல்லம்மாளையும் அபிநயாவையும் என்றைக்கும் மன்னிக்கமாட்டார். ஊரில் நாலு பேரிடம் சொல்வார். அவர்களைக் காட்டிக்கொடுக்க சின்னராஜுக்குக் கை வரவில்லை. அவர்கள் தன் முதுகுக்குப் பின்னால் செய்ததைத் தானும் திருப்பிச் செய்வது போலிருந்தது.

“யாரும் இல்ல. நான்தான் தெரியாம எதையோ அமுக்கிட்டேன்” என்று எழுதினார்.

“சரி” என்று மட்டும் பதில் வந்தது. அதன்பிறகு காளியண்ணன் எழுதவில்லை.

மறுவாரம் சின்னராஜ் மோகனூர் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், “நீங்கதான் சின்னராஜுங்களா?” என்று கேட்டாள். “கந்தம்மா உங்க பேரைச் சொல்லிட்டே இருக்குமுங்க” என்றாள். காவிரிக்கரை வரை நடந்துபோய்விட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

மெயிலின் பாஸ்வேர்டை இப்போது அவரே மாற்றிவைத்திருக்கிறார். லீவுக்கு வரும் அபிநயா முன்னறைக்குள் நுழைவதில்லை. நல்லம்மாள் வைக்கும் சோற்றைச் சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் கம்ப்யூட்டர் முன் போய், இன்பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறார்.