மதில்மேல் காய்ந்த புத்தகம்

இன்று திருத்தணி வாசகசாலையில் நடந்ததைக் கேளுங்கள், நண்பர்களே.

சேரிக்காரன் நான் திருப்பித் தரும் புத்தகம், தீட்டுப் போக மதில்மேல் வெயிலில் காய்ந்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். நூலகர் வைத்த விதி.

இன்றும் அப்படியே வைத்தேன். மலைக்குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது.

யுத்தச் செய்தி படித்துக்கொண்டிருந்த நூலகர் ஓடிவந்து அலறினார். "ஐயோ, கிழிச்சிடப் போவுது! எதனா பண்ணுப்பா!"

கையிலிருந்த வாழைப்பழத்தை வீசினேன். குரங்கு புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பழத்துக்குத் தாவியது. எடுத்து நீட்டினேன்.

அவர் என் கையிலிருந்தே வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு பக்கங்கூட போவலப்பா" என்றார். நேரே உள்ளே போய் அலமாரியில் வைத்தார்.

தீட்டைப் போக்குவது வெயிலா, குரங்கா? தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.