பிசின் காயும் முன் வந்த விருந்தாளி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை, லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக் கராஜில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு படகு செய்துகொண்டிருந்தேன். விளையாட்டுப் படகு அல்ல, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடக்கூடிய நிஜப் படகு. ஏன் என்று கேட்காதீர்கள். அம்மா கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்.

மெல்லிய தேவதாரு மரப் பட்டிகளைப் படகின் வளைவுக்கு வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வேலைக்குப் போய் வந்து, ஒரு நாளைக்கு இரண்டு பட்டி, மூன்று பட்டி என்று ஒட்டியதில் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கடைசியாக, கவிழ்த்து வைத்த படகின் மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்துப் பிசின் பூச வேண்டும். தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. இறுக்கும் திரவத்தோடு கலந்த பிசின் சற்று நேரத்தில் சூடேறி இறுகிவிடும். துணி பாதி நனைந்து பாதி நனையாமல் கிடந்தால் அத்தனை உழைப்பும் பாழ். ஒருவர் கலக்க, ஒருவர் பூச, குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

அதே ஞாயிறு மூன்று மணிக்கு, என்னைப் பெண் பார்க்க நோர்பரியிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் வருவதாக இருந்தது. பிசின் காய ஈரமில்லாத வெப்பமான நாள் வேண்டும். அடுத்த நாளிலிருந்து மழை என்றார்கள். நான் ஒரு கணக்குப் போட்டேன். நம்மவர்கள் எப்போது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்? மூன்று என்றால் ஐந்து. அதுவும் லண்டனின் மறுகோடியிலிருந்து வருகிறவர்கள். அதற்குள் பூசி முடித்துக் குளித்து, சேலை உடுத்தி, பதுமைபோல் நிற்கலாம். கலக்குவதற்கு அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

மூன்று மணிக்குச் சரியாக வாசல் மணி அடித்தது. கராஜுக்குள் திறக்கும் சமையலறைக் கதவால் அம்மா தலையை நீட்டினார்.

"இஞ்சேருங்கோ, அவை வந்திட்டினம்! கையைக் கழுவிப்போட்டு ஓடி வாங்கோ!"

அப்பா கோப்பையை என் கையில் திணித்து, "சமாளி பிள்ளை, இப்ப வாறன்" என்று போனவர் போனவர்தான். துணியில் பாதிகூட நனையவில்லை. நான் கலப்பதா, பூசுவதா? ஓரிடத்தைத் தேய்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கோப்பையில் இருந்த மிச்சம் சூடேறிப் புகையத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா, "பிள்ளை குளிக்கிறாள், இப்ப வந்திடுவாள்" என்று சொல்வது கேட்டது.

எவ்வளவு நேரம்தான் ஒருத்தி குளிப்பாள்? கதவு திறந்தது. பிசின் நெடியைத் தேடிக்கொண்டு, பட்டுச் சேலையில் மாப்பிள்ளையின் தாயார். அப்பாவின் பழைய காற்சட்டையும் தலைமயிரெல்லாம் பிசினுமாக நான்.

"என்ன பிள்ளை, இதுக்குள்ளயோ குளிக்கிறனீ?"

"அன்ரி, கிட்ட வராதேங்கோ! சீலையில பட்டால் போகாது. எனக்கு இப்ப நிப்பாட்டவும் ஏலாது" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் படகைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "அழாதை. இன்னொரு சோடி கையுறை கிடக்கோ? என்ன செய்யோணும் எண்டு சொல்லு."

அவர் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். முதல் கோப்பையைத் தன் செருப்பிலேயே ஊற்றிக்கொண்டார். செருப்பை உதறிவிட்டு, மூலையில் கிடந்த அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு அடுத்த கோப்பையைக் கலந்தார். வெள்ளையாக இருந்த துணி பிசின் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைய, அடியிலிருந்து மரம் தேன் நிறத்தில் வந்தது. "ஐயோ, என்ன வடிவு!" என்று அவர் கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். சத்தம் கேட்டு அம்மா கதவடிக்கு ஓடிவந்தார். பின்னால் எட்டிப் பார்த்த மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, சீலை!" என்றார்.

"சீலை கிடக்கட்டும். நீ போய் வடையைச் சாப்பிடு" என்றார் தாயார், திரும்பியும் பார்க்காமல்.

கடைசி மூலையும் நனைந்தபோது இருவருக்கும் இடுப்பு நிமிரவில்லை. துணியில் ஒரு குமிழிகூட இல்லை. சேலைக் கரைதான் மறுநாள் அட்டைபோல் விறைத்துவிட்டதாம்.

கலியாணம் சரிவரவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் கராஜ் மணத்தோடு குடும்பம் நடத்த அவருக்கு விருப்பமில்லை, மூக்கைப் பொத்துகிறவரோடு நடத்த எனக்கும் விருப்பமில்லை. இனி அந்த அன்ரி என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று எனக்கு உள்ளூரப் பயம். படகைத் தண்ணீரில் விடும் நாளைச் சொல்ல, தயங்கித் தயங்கித்தான் போன் எடுத்தேன். "எத்தினை மணிக்கு வரோணும்?" என்று மட்டும் கேட்டார்.

லீ ஆற்றில் முன்னால் அவர், பின்னால் நான். நேராகப் போக இருவருக்கும் தெரியவில்லை. கரையில் நின்ற அம்மாவும் அப்பாவும் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டிருக்கும். நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு அன்ரி சொன்னார்: "இந்த நாட்டுக்கு வந்து எத்தினை வீட்டுக்குப் போயிருப்பன். எல்லாரும் கதிரையில இருத்தித் தேத்தண்ணி தந்தவை. நீ ஒருத்திதான் வேலை தந்தனீ."

இன்றும் மழையில்லாத ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் படகில் போகிறோம். அன்று என் கணக்குத் தவறாமல் இருந்திருந்தால், நான் சேலையோடு பலகாரத் தட்டை நீட்டிச் சிரித்திருப்பேன், அவரும் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு இப்படி ஒரு சிநேகிதி கிடைக்காமலே போயிருப்பாள்.